பொகோட்டா போகிறவர்கள் முதலில் மூச்சு விடக் கற்றுக்கொள்ளுங்கள்

கொலம்பியா போகிறேன் என்றதும் வீட்டில், ஆபீஸில், டீக்கடையில் எல்லோரும் பயமுறுத்தியது திருடர்களைச் சொல்லித்தான். பொகோட்டாவில் இறங்கிய முதல் நாளே என்னைச் சாய்த்தது திருடன் இல்லை, ஊரின் உயரம். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கு மேல், அதாவது நம் தொட்டபெட்டா உச்சி இருக்கிற அதே உயரத்தில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் வாழ்கிற தலைநகரம் இது. ஊட்டிக்குப் பத்துத் தடவை போய் வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்து, லிஃப்ட் இல்லாத விடுதியில் மூன்றாவது மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். கதவைத் திறப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ராத்திரி முழுக்கத் தலைவலி. போதாக்குறைக்கு நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், விடிகாலை மூன்று மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

அதனால் முதல் இரண்டு நாளும் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் (குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்), மதுவைத் தள்ளிப்போடுங்கள். ஊருக்கு மேலே தெரிகிற மொன்செராத்தே மலைக்கோயில் 3,152 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வந்த அன்றைக்கே ஏறிவிடலாம் என்று ஆசை வரும். நான்காம் நாள் போங்கள், அதுவும் ரோப் காரில்.

பூமத்தியரேகைக்குப் பக்கத்து நாடாயிற்றே என்று பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். வருடம் முழுக்க ஒரே மாதிரிதான்: பகலில் 18, 19 டிகிரி, ராத்திரியில் பத்துக்குக் கீழே. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், சாயங்காலத்துக்குள் மழை கொட்டும். குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்தால் மூக்குத் தோல் உரியும், எனக்கு உரிந்தது.

இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது முகவரி எழுதுகிற விதம். கிழக்கே நெடுக மலைத்தொடர், ஊரில் எங்கே நின்றாலும் பெரும்பாலும் கண்ணில் படும். மலைக்கு இணையாக ஓடுகிற தெருக்கள் ‘கரேரா’, மலையை விட்டு விலக விலக எண் கூடும். அவற்றைக் குறுக்கே வெட்டுகிற தெருக்கள் ‘காயே’, மையத்திலிருந்து வடக்கே போகப் போக எண் கூடும். ‘காயே 12, எண் 5-34’ என்றால் 12ஆம் காயேயில், 5ஆம் கரேரா மூலையிலிருந்து ஏறக்குறைய 34 மீட்டர் தள்ளி இருக்கிற வீடு. அவ்வளவுதான். ஒரு மழை நாளில் போனில் சார்ஜ் தீர்ந்து நடுத்தெருவில் நின்றபோது, மலையைப் பார்த்து, மூலைக்கு மூலை பலகையில் எண்ணைப் படித்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். ஒன்று மட்டும் கவனம்: முகவரியில் ‘சுர்’ என்று இருந்தால் அது தெற்குப் பகுதி, அங்கே காயே எண்கள் தெற்கு நோக்கி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு டாக்ஸிக்காரரிடம் காட்டினால் ஊரின் அந்தக் கோடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

சரி, திருடர்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு வாக்கியம் ‘நோ தார் பப்பாயா’, பப்பாளியைக் கொடுக்காதே. திருடுகிறவனுக்கு நாமே வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். அவர்கள் தெருவில் நின்று போனை நோண்டுவதில்லை, வழி பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் அப்படியே செய்தேன், ஒன்றும் தொலையவில்லை. பழைய நகரமான லா கந்தெலாரியா பகலில் எவ்வளவு கலகலப்போ, இருட்டினால் அவ்வளவு வெறிச், ஆகவே ராத்திரியில் அங்கே நடக்க வேண்டாம், டாக்ஸியை ரோட்டில் கைகாட்டி நிறுத்தாமல் ஆப் வழியாகக் கூப்பிடுங்கள். முன்பின் தெரியாதவர் நீட்டுகிற பானம், சிகரெட் எதையும் வாங்காதீர்கள். ஸ்கோபொலமின் என்ற மருந்தைக் கலந்து நினைவு தப்பவைத்துக் கொள்ளையடிப்பது அங்கே நிஜமாகவே நடக்கிறது.

நான் போனபோது மெட்ரோ ரயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2000இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற சிவப்புப் பேருந்துகள்தான் எல்லாமே, தனிப்பாதையில் பறக்கும். கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸ் நேரத்தில் ஏறாதீர்கள், ஏறினால் பை முதுகில் இல்லை, நெஞ்சில்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சின்னக் கடைகளில் ‘கொரியென்தாசோ’ கேளுங்கள், நம் ஊர் மீல்ஸ் மாதிரி: சூப், சோறு, பீன்ஸ், இறைச்சி, ஜூஸ் எல்லாம் சேர்ந்து வரும். மூன்று வகை உருளைக்கிழங்கும் கோழியும் போட்ட அஹியாக்கோ சூப் ஒரு கிண்ணம் குடித்தால் குளிர் ஓடிப்போகும். சைவக்காரர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழி வரும், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. கோழி, மீன் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். அப்புறம் அகுவாபனேலா: வெல்லத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தருவார்கள், கூடவே ஒரு துண்டு சீஸ். ஆமாம், நம் வெல்லமேதான். உலகத்தில் இந்தியாவுக்கு அடுத்தபடி அதிகமாக வெல்லம் காய்ச்சுகிற நாடு கொலம்பியா. தலைவலியோடு கிடந்த முதல் நாள், விடுதிக்கார அம்மா ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் பாட்டி வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வந்தது.

பலொகெமாவ் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கிரனடியா என்ற ஆரஞ்சு நிறப் பழத்தைக் கடைக்காரர் கட்டைவிரலால் முட்டை ஓட்டை உடைப்பது போல் உடைத்து நீட்டுவார், உள்ளே தவளை முட்டை மாதிரி வழவழவென்று சாம்பல் நிற விதைகள். பார்த்தால் வாயில் வைக்கத் தோன்றாது. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுங்கள், தேன்.

தங்க அருங்காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு இலவசம் என்பதால் அன்று கூட்டம். எல் டொராடோ என்ற தங்க ராஜாவின் கதையோடு சேர்த்துப் பேசப்படுகிற, முயிஸ்கா பழங்குடியினர் செய்த தங்கப் படகு அங்கேதான் இருக்கிறது, நீளம் 20 சென்டிமீட்டர்கூட இல்லை, அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றிருந்தேன். ஓவியர் பொத்தேரோ பெயரிலுள்ள அருங்காட்சியகம் எப்போதும் இலவசம், ஆனால் செவ்வாய்க்கிழமை பூட்டு. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஊரில் இருங்கள். காலை 7 முதல் மதியம் 2 வரை 100 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளைக் கார்களுக்கு மூடிவிட்டு சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறார்கள், பேருந்து இரைகிற அதே சாலை நடுவில் தாத்தா பாட்டி, நாய்க்குட்டி, ஸ்கேட்டிங் பிள்ளைகள் என்று ஒரே திருவிழா.

மின்சாரம் அங்கே 110 வோல்ட், தட்டையான முனை, நம் பிளக் நுழையாது. கார்டில் பணம் கட்டும்போது கவுண்டரில் ‘ஆ குவாந்தாஸ் குவோத்தாஸ்?’ என்று கேட்பார்கள். எத்தனை பாக்கெட் காபி என்று கேட்கிறார்களாக்கும் என்று நான் மூன்று விரலைக் காட்ட, அந்தப் பெண் சிரித்துவிட்டார். எத்தனை தவணை என்பதுதான் கேள்வி. ‘உனா’ என்று சொல்லுங்கள், ஒன்றே ஒன்று.