வெட்டம் தெரியுது, ஆள் தெரியல்ல

அப்பா நாற்பது வருஷம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிற வேலை. விளக்கு விழுகிற வட்டத்துக்கு வெளியே மரம் நிற்பதே தெரியவில்லை என்று அவர் சொன்னபோது, மாலைக்கண்தானே என்று முருங்கைக்கீரையும் மீனெண்ணெய் மாத்திரையும் கொடுத்தோம். அது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கிற நோய். முதலில் இருட்டுப் பார்வையும் ஓரப் பார்வையும் போகும். நடுப்பார்வை கடைசியில் மங்கும். இப்போது கேட்டால், “வெட்டம் தெரியுது மக்களே, ஆள் தெரியல்ல” என்பார். வெட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் வெளிச்சம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக முதலில் போன இடத்தில் இரண்டே நிமிடத்தில் சோதனை முடிந்தது. அட்டையின் மேலெழுத்து தெரியவில்லை என்றதும், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நெஞ்சுக்கு முன்னால் விரலை நீட்டினார். அவருக்குப் பின்னால் திறந்த ஜன்னல். “ரெண்டு” என்றார் அப்பா. வெறும் யூகம், சரியாகிவிட்டது. ‘விரல் எண்ணுகிறார்’ என்று எழுதினார்கள். எத்தனை மீட்டரில் என்று எழுதவில்லை. அந்தச் சீட்டு அப்படியே திரும்பி வந்தது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் இரண்டில் மேலான கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழே போனாலோ, பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குள் சுருங்கினாலோ பார்வையின்மை. அதற்கு மேலே ஓர் எல்லை வரை குறைபார்வை. நல்ல கண் 60 மீட்டரில் வாசிக்கிற எழுத்தை 3 மீட்டர் தூரத்துக்குக் கிட்டே வந்தால்தான் வாசிக்க முடியும் என்பதுதான் 3/60. அந்த எழுத்தின் கோடு கிட்டத்தட்ட ஒரு விரல் தடிமன் இருக்கும். விரலை 1 மீட்டரில் எண்ணுகிறாரா, 3 மீட்டரில் எண்ணுகிறாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடுத்து ஒரு குறைபார்வைப் பிரிவுக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. பார்வையைச் சோதிக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விரலுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தார். இடது கண்ணில் 1 மீட்டர் என்று நாடா பிடித்து எழுதினார். வலது கண்ணுக்கு விரல் தெரியவில்லை, கை அசைவது மட்டும் தெரிந்தது. அதோடு விடவில்லை. மூன்று கால் நீட்டிய ஒற்றைப் பெரிய E எழுத்தை 25 செ.மீ. பக்கத்தில் காட்டி, கால் எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு கோடு போட்ட அட்டை, பிறகு பாதி வெள்ளை பாதி கறுப்பு. “தெரியல்லன்னாலும் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க ஐயா” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். யூகம் எத்தனை முறை சரியாகிறது என்று பார்த்தால்தான், கண் உண்மையில் எடுப்பது எவ்வளவு என்று தெரியுமாம்.

அப்புறம் வீட்டு வேலைகளைக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் “அதெல்லாம் செய்வேன்” என்றார். பொய் சொல்லவில்லை, செய்யத்தான் செய்கிறார். அந்தப் பெண் மேசையில் ஒரு கரண்டியும் டம்ளரும் வைத்து எடுக்கச் சொன்னார். அப்பாவின் கை மேசை விளிம்பைத் தொட்டு, உள்ளே நகர்ந்து, கரண்டியைப் பிடித்தது. “இது கை செய்த வேலை, கண் இல்லை” என்று தனியாகக் குறித்துக்கொண்டார். நாற்பது வருஷம் இருட்டில் பட்டையில் கத்தி வைத்த கை அது. வீட்டில் கூட இருக்கிற எனக்கே இது பிடிபடவில்லை. மற்ற கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன்: படியில் விழுந்தது, பத்து ரூபாய்க்குப் பதில் ஐந்நூறைக் கொடுத்தது, பேத்தி வாசலில் நின்றால் குரல் வந்தபிறகுதான் பெயர் சொல்வது. இப்படிச் சோதனைக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முடியும் என்று பெருமைக்குச் சொல்லவிடாதீர்கள்.

தூரம் எழுதிய சீட்டோடு மனு போட்டோம், சான்றிதழ் வந்தது. படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறோம். ஸ்டீல் டம்ளரை எடுத்துவிட்டு வெள்ளைக் கோப்பை வாங்கினேன். நேற்று காலை அப்பாவே கட்டன் சாயா ஊற்றினார். கோப்பையை ஜன்னல் பக்கம் திருப்பி, கறுப்பு ஏறி வருவதைப் பார்த்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினார். விரலை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை.