எஞ்சின் கெட்ட ஹெரால்டை வாங்கலாமா?

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே தேங்காய் மட்டை போட்டு வைக்கும் ஓட்டுச் சாளையில், பச்சைத் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது 1970ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று. நான்கு கதவு வைத்தது. தோட்டத்துக்காரருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். வண்டி அவருடைய தகப்பனார் புதிதாக வாங்கியது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றார். "எஞ்சின் கொஞ்சம் பொகை தள்ளுதுங் தம்பி, மத்தபடி வண்டி சுத்தமுங்க" என்றும் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அளந்து பார்ப்பதிலேயே எனக்கு மூன்று வாரம் போய்விட்டது.

ஏன் ஹெரால்டு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். கோபியில் என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். அந்த வண்டியின் பானட் மற்ற கார்களைப்போல் மேல்மூடி மட்டும் திறந்துகொள்ளாது. இரண்டு மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் சேர்ந்த முன்பாகம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். அதன் பிறகு முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். அப்பிச்சி அப்படி டயர்மேல் உட்கார்ந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பதுதான் அவரைப் பற்றி எனக்கு இருக்கும் முதல் நினைவு. இங்கிலாந்தில் டிரயம்ஃப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட இந்த வண்டியை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இதைத் தயாரித்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. அம்பாசடரிலும் பியட்டிலும் ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருந்த காலத்தில் இதற்குத் தரையில் கியர். பழைய பேட்டைச் சந்துகளில்கூட ஒரே வெட்டில் திரும்பிவிடும்.

வீட்டில் இந்த ஆசைக்கு ஆதரவில்லை. "ஓடாத வண்டிய வாங்கி வாசல்ல நிறுத்தறதுக்கு, ஒரு கறவ மாடு வாங்கிக் கட்டுனாலும் பாலாவது கெடைக்குமல்லோ" என்று அம்மா சொன்னார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முதல் தடவை போனபோது நான் ஒரு தவறு செய்தேன். வருவதாகத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். பெரியவர் நல்ல மனதோடு, நான் போவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான எஞ்சின் பாதி உண்மையைத்தான் சொல்லும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு காலை ஆறரை மணிக்கே போய், ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாவியைத் திருப்பினோம்.

கிளம்பிய கணத்தில் ஒரு குப்பென்ற நீலப் புகை வந்து அடங்கியது. இரவெல்லாம் வால்வு கைடு வழியாகச் சொட்டி இறங்கிய ஆயில் எரிந்தால் இப்படித்தான் வரும். அது பெரிய செலவில்லை. ஆனால் எஞ்சின் சூடேறிய பின், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை விடாமல் தொடர்ந்தது. அது பிஸ்டனைச் சுற்றி சிலிண்டரை அடைத்திருக்கும் ரிங்குகள் தேய்ந்ததன் அடையாளம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, சிலிண்டர்களை மூடும் ஹெட்டோ அதன் அடியில் இருக்கும் கேஸ்கட்டோ போய்விட்டது என்று அஞ்சியிருப்போம். கறுப்பாக வந்திருந்தால் கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்யும் வேலையாக முடிந்திருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியை அண்ணன் கழற்றினார். அந்த வாயிலிருந்து புகை, எஞ்சின் ஓடும் தாளத்துக்கு ஏற்ப விட்டுவிட்டு வந்தது. "மூச்சு வாங்குது பாருங்க" என்றார்.

நான் பம்ப்செட் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலையில் இருப்பவன். புகையின் நிறத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டினோம். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்கள் 118 முதல் 128 பிஎஸ்ஐ வரை காட்டின. மூன்றாவது மட்டும் 84. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் பார்த்தபோது 112க்கு ஏறியது. ஊற்றிய ஆயில் ரிங் இடைவெளியைச் சற்று நேரம் அடைத்துக்கொண்டதால்தான் இந்த ஏற்றம். வால்வில் கோளாறு இருந்திருந்தால் ஆயில் விட்டும் முள் அசைந்திருக்காது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது என்று பொருள். இங்கே அதுவும் இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் தெரியும் பால் நிறமும் ஆயில் குச்சியில் இல்லை. ஆக, சிலிண்டரைக் கடைந்து (போரிங் செய்து) புது பிஸ்டன், ரிங் போட வேண்டிய எஞ்சின். இதுவரை எனக்குக் கவலை இல்லை.

கவலை அடுத்த சோதனையில் வந்தது. இந்த டிரயம்ஃப் எஞ்சினுக்கென்று ஒரு வியாதி உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, பின்பக்க மெயின் பேரிங்கை ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள்தான். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது இந்தப் பிறைத்துண்டுதான். தேயத் தேய அது மெலிந்து, ஒரு நாள் இடத்தை விட்டு நழுவி எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் விழுந்துவிடும். அதன்பின் கிராங்க் நேராக எஞ்சின் பிளாக்கின்மேல் உராயும். பிளாக்கின் முகமும் கிராங்கும் ஒருசேரக் கெடும். சில நூறு ரூபாய் பெறாத துண்டு, எஞ்சினையே கொண்டுபோய்விடும்.

சோதனை எளிது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, நான் பானட்டைக் கவிழ்த்து, அப்பிச்சியைப்போலவே டயர்மேல் உட்கார்ந்து, கிராங்கின் முன்முனையில் விசிறிப் பட்டை ஓடும் புல்லியைப் பார்த்தேன். மிதித்ததும் புல்லி முன்னால் வந்தது. விட்டதும் பிடித்துத் தள்ளினால் பின்னால் போனது. கண்ணுக்கே தெரிந்தது. காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை வைத்து அளந்தபோது 0.42 மில்லிமீட்டர் காட்டியது. 0.1 முதல் 0.2 வரை இருக்க வேண்டிய இடம் அது. வாஷர் தேய்ந்திருக்கிறது என்பது நிச்சயம். விழுந்துவிட்டதா, பிளாக் தப்பித்ததா என்பது சம்பைக் கழற்றாமல் தெரியாது. பெரியவர் திண்ணையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசாமல் இருந்ததிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காப்பி வரச் சொன்னார்.

இவ்வளவு தெரிந்த பின்னும் ஏன் விட்டுவரவில்லை என்றால், நான் இருக்கும் ஊர் அப்படி. பஞ்சாலைகளுக்கும் பம்ப்செட்டுகளுக்குமாக வளர்ந்த கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும், இரும்பு சம்பந்தப்பட்ட வேலைக்கு முடியாது என்று சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சிலிண்டரை இருபது சைஸோ முப்பது சைஸோ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கோ முப்பது பங்கோ பெரிதாக, போரிங் செய்யலாம். அளவு மீறிவிட்டால் உள்ளே ஸ்லீவ் என்னும் புதுக் குழாய் அடிக்கலாம். கிராங்கை அரைக்கலாம். ஹெட்டின் முகத்தைச் சமப்படுத்தி ஃபேஸ் கட்டிங் செய்யும்போதே இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்துகொள்ள வேண்டும். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது; வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரிக்குப் பின் இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல்தான். ஆகவே கெட்டிப்படுத்திய வால்வு சீட்டுகளை அடித்துக்கொள்வது நல்லது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமையும் மாற்றியே ஆக வேண்டும். பிஸ்டன் செட் மட்டும் இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டியிருக்கும் என்றார் அண்ணன். எல்லாம் சேர்த்து அவர் போட்ட கணக்கு தொண்ணூறாயிரம். என் அனுபவத்தில் மெக்கானிக் கணக்கோடு கால் பங்கு கூட்டிக்கொள்வது வழக்கம்.

"எதுக்குங்க இத்தன செலவு, ஆம்னி எஞ்சினத் தூக்கி வெச்சுட்டுப் போங்க" என்று நண்பர்கள் இருவர் சொன்னார்கள். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் அது நல்ல யோசனைதான். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த பழங்கால வாகன விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே இருந்து, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்தாண்டுகள் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். நான் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ள நினைக்கிறேன். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். இருந்தாலும் மாதம் ஒருமுறை வால்பாறைச் சாலை அடிவாரம் வரையாவது ஓட்ட முடியாத வண்டி எனக்கு எதற்கு? எந்த வழியில் போனாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் அடித்துள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த பிளாக் பிழைத்திருக்கிறதா என்பது அதனால் காகிதத்துக்கும் சேர்ந்த கேள்வியாகிவிட்டது.

பாடியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடியைப் பகுதி பகுதியாக அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் நீளும் சேசிஸ் கைகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். வலது பின் கை மட்டும் மண்பானைபோல் மொத்தென்று ஒலித்தது. திருப்புளியால் குத்தியதும் துரு உதிர்ந்தது. மற்றவை கணீரென்றன. முதுகெலும்புபோல் நடுவில் நீளும் இரண்டு சட்டங்களும் உறுதியாக இருந்தன. அவை போயிருந்தால், எஞ்சின் புதிதாகவே இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பேன்.

பெரியவரிடம் டயல் கேஜின் முள்ளையே காட்டிப் பேசினேன். வண்டியைக் குறை சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். திருப்பித் தர வேண்டிய முன்பணமாக ஐந்தாயிரம் கொடுத்தேன். அடுத்த வாரம் அங்கேயே சம்பைக் கழற்றிப் பார்ப்பது, பிளாக்கில் உராய்வு இருந்தால் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சம்பைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு வருவது, இல்லையென்றால் ஒரு லட்சத்து முப்பத்தைந்துக்கு முடிப்பது என்று பேச்சு. "அளந்து சொல்றீங்க, அளந்தே குடுங்க" என்றார்.

போன ஞாயிறு சம்பு இறங்கியது. அடியில் கறுப்புச் சேறு. அதைத் துணியில் வடித்துப் பார்த்தோம், வாஷர் துண்டு எதுவும் இல்லை. பின் பேரிங் மூடியைக் கழற்றி, குச்சியால் தள்ளிச் சுற்றியபோது வாஷர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பக்கம் வெள்ளை உலோகப் பூச்சு முழுவதும் போய் வெறும் இரும்புத் தகடாக மின்னியது. ஆனால் முழுதாக இருந்தது. டார்ச் அடித்து, விரல் நகத்தால் பிளாக்கின் முகத்தைத் தடவினேன். நகம் எங்கும் தட்டவில்லை.

பணம் தயாராக இருக்கிறது. ஆனால் ஆர்.சி. இன்னும் அவருடைய தகப்பனார் பெயரிலேயே நிற்கிறது. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் பெரியவர் பெயருக்கு மாற்றி, அங்கிருந்து என் பெயருக்கு மாற்ற வேண்டும். தாராபுரத்தில் இருக்கும் அவருடைய தங்கையும் அதற்குச் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மா வெள்ளிக்கிழமை வருகிறாராம். தேய்ந்த வாஷர் என் மேசைமேல் இருக்கிறது. வண்டி அதே தார்ப்பாய்க்குள், சம்பில்லாமல், தோட்டத்திலேயே நிற்கிறது.