மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

மாஸ்ரர் காலமான செய்தி தை மாதம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்தது. விடிய விடிய அஞ்சலிகள். 1996இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்த பிறகு, பாலை மரத்தில் கரும்பலகையைச் சாத்தி வைத்து அவர் கணக்குப் படிப்பித்ததை எல்லாரும் எழுதினார்கள். பின்னேர வகுப்புக்கு ஒரு சதமும் வாங்காததையும் எழுதினார்கள். அத்தனையும் உண்மை. கனடாவில் நான் கணக்காளனாக இருப்பது அவர் போட்ட பிச்சை. ஆனால் நான் எழுதத் தொடங்கி, இரண்டு வரியோடு அழித்துவிட்டேன்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனை, என்னோடு படித்தவர்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வந்த பெடியன். பேச்சுத் திக்கும். ஒருநாள் மாஸ்ரர் அவனை எழுப்பி விடை கேட்டார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான்.

"உவனுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் விடுங்கோடா, ஸ்ராட் வரட்டும்."

அந்தக் காலத்து வன்னியில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது; ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தால்தான் கிளம்பும். கொட்டில் அதிரச் சிரிப்பு. அன்றைக்கே பட்டம் தெளித்தாயிற்று. பிறகு அவன் எழும்பும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து இயந்திரச் சத்தம் வரும். நான் சிரிக்கவில்லை. சிரிக்காதவன் என்ற நினைப்பை இருபத்து நாலு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

2021இல், கொரோனாக் காலத்தில், சூமில் ஒன்றுகூடினோம். வரவேற்புரை சொன்ன நண்பர் பதற்றத்தில் நடுவில் தடுமாறினார். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிள் சத்தத்தை அதோடு சேர்த்து, இரவோடிரவாகக் குழுவில் போட்டேன். சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு விழித்திருந்தேன். விடிந்தபோது அவர் குழுவை விட்டு விலகியிருந்தார். "பகிடிக்குத்தானே போட்டனான், உதுக்குப் போய்க் கோவிக்கிறதே" என்று எழுதினேன். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

அது மாஸ்ரரின் பகிடி என்பது, அவருக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்த இரவில்தான் உறைத்தது.

அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1965இல் வெளியிட்ட ஆய்வொன்றை அதன் பிறகு தேடி வாசித்தேன். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கும் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அடித்தவர் கண்டிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பழரசமும் ஒட்டுப்படமும் தருவோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள். பார்த்தபோதே எல்லாரும் பழகிவிட்டிருந்தார்கள். வெளியில் வரச் சம்பளம் ஒன்று வேண்டியிருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு முகங்கள் போதுமாக இருந்தன.

பின்லாந்துப் பள்ளிக்கூடங்களில் கிவா என்றொரு திட்டம் இருக்கிறது. சீண்டுகிறவனையும் சீண்டப்படுகிறவனையும் மட்டுமல்லாமல், பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துப் பழக்குகிறார்கள். எங்கள் கொட்டிலில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்!

வரவேற்புரை சொன்ன நண்பரிடம் போன கிழமை மன்னிப்புக் கேட்டேன். மற்றவனைத் தேட எனக்கு வழியில்லை. 1999இல் வன்னியை விட்டு வெளிக்கிட்டபோது அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வந்தவன் நான்.

அன்றைக்கு அவனுடைய கொப்பி வாங்கில் விரித்தபடி கிடந்தது. விடை சரியாக எழுதியிருந்தான். எனக்கு அது தெரிந்தது.