‘ஸ்டார்மி மண்டே’யின் மேடைப் பதிவுகளைத் தேடிப் பிடிக்கும் வழி

அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்காரரும் பாடகருமான டி-போன் வாக்கர் 1947இல் இசைத்தட்டுக்காகப் பாடிய ‘கால் இட் ஸ்டார்மி மண்டே’ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மேடைக்குப் போன பிறகு அந்தப் பாட்டு அந்த அளவுக்குள் அடங்கவே இல்லை. எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு கிட்டார்காரர் கையில் வேறு வேறு பாட்டாக வளர்ந்தது. அதனால்தான் இதன் மேடைப் பதிவுகளைத் தேடுவதில் அத்தனை சுகம். ஆனால் பாட்டின் பெயரைத் தட்டித் தேடினால் எல்லோரும் கேட்ட நாலைந்து பதிவுகளைத் தாண்டி நகர முடியாது. தேட வேண்டியது பாட்டை அல்ல, அது வாசிக்கப்பட்ட இரவை. எந்தக் குழு, எந்த ஊர், எந்தத் தேதி, யார் ஒலிப்பதிவு செய்தார்கள் என்ற திசையில் போனால்தான் புதிது கிடைக்கும்.

அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாக்கரின் பாட்டுக்கு முழுப் பெயர் ‘கால் இட் ஸ்டார்மி மண்டே (பட் டியூஸ்டே இஸ் ஜஸ்ட் ஆஸ் பேட்)’. ‘ஸ்டார்மி மண்டே ப்ளூஸ்’ என்பது வேறு பாட்டு. 1942இல் ஏர்ல் ஹைன்ஸ் இசைக்குழுவோடு பில்லி எக்ஸ்டைன் பாடியது. பாடகர் பாபி பிளாண்ட் 1960களின் தொடக்கத்தில் வாக்கரின் பாட்டைப் பாடி வெளியிட்டபோது, தட்டில் அந்தப் பழைய பாட்டின் பெயர் ஏறிவிட்டது. பிளாண்டைப் பார்த்து வாசித்தவர்கள் எல்லோரும் அதே பெயரையே எழுதினார்கள். பாட்டின் உரிமைத் தொகைகூட இந்தக் குழப்பத்தில் தவறான ஆட்களுக்குப் போயிருக்கிறது. ஆகவே ‘கால் இட்’, ‘தே கால் இட்’, வெறும் ‘ஸ்டார்மி மண்டே’, ‘ஸ்டார்மி மண்டே ப்ளூஸ்’ என நான்கு வடிவங்களிலும் தேடுங்கள். கடைசி வடிவத்தில் கிடைப்பதை இரண்டு வரி கேட்டுப் பார்த்துவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளாண்டின் பதிவை இன்னொரு காரணத்துக்காகவும் காதில் ஏற்றிக்கொள்வது நல்லது. அதில் வெய்ன் பென்னட் கிட்டார் வாசிக்கிறார். ஏழாவது, எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) ஜி7, ஏ மைனர், பி மைனர், பி ஃபிளாட் மைனர் என்று ஏறி இறங்கும் கார்டுகள் அந்தப் பதிவின் வழியாகத்தான் பரவின. வாக்கரின் மூலத்தில் அந்த நடை இல்லை. பெயர் தெரியாத ஒரு டேப்பில் இந்த நடை வந்தால், குழு பிளாண்ட் வழியாகப் பாட்டைக் கற்றது என்று கொள்ளலாம். அது பெரும்பாலும் 1960களின் நடுவுக்குப் பிந்தைய டேப்பாக இருக்கும்.

அடுத்தது, அதிகாரபூர்வமாக வெளிவந்தவற்றை முதலில் முழுதாகத் தெரிந்துகொள்வது. ‘அரிது’ என்று சுற்றிவரும் பல கோப்புகள் கடையில் கிடைக்கும் ஆல்பத்திலிருந்து உரித்தவையே. ப்ளூஸ் கிட்டார்காரர் ஆல்பர்ட் கிங் 1968 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கில் வாசித்தவற்றில் ‘லைவ் வயர்/ப்ளூஸ் பவர்’ ஆல்பத்துக்குள் வராமல் மிஞ்சியவை 1990இல்தான் வெளிவந்தன. அவற்றில் ‘தர்ஸ்டே நைட் இன் சான்ஃபிரான்சிஸ்கோ’ ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. அவரும் ஸ்டீவி ரே வானும் 1983 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் தொலைக்காட்சி நிலையத்தில் சேர்ந்து வாசித்தது 1999இல் ‘இன் செஷன்’ ஆக வந்தது, அதிலும் இருக்கிறது. எரிக் கிளாப்டன் ஜான் மயாலோடு 1966இல் மேடையில் வாசித்தது மயாலின் ‘லுக்கிங் பேக்’ தொகுப்பில் உண்டு.

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவாகி அந்த ஆண்டே வந்த இரட்டைத் தட்டில், தாம் டூசெட்டின் ஹார்மோனிகா தனியாவர்த்தனம் வெட்டப்பட்டிருக்கிறது. 1992இல் வந்த ‘தி ஃபில்மோர் கான்சர்ட்ஸ்’ அதைத் திரும்பச் சேர்த்தது. 2014இல் ஆறு சிடிகளாக அந்த மார்ச் காட்சிகள் முழுசாகவே வந்துவிட்டன. எனவே ‘வெட்டப்படாத ஃபில்மோர், எங்கும் கிடைக்காதது’ என்று யாராவது நீட்டினால் இதில் வைத்து ஒப்பிடுங்கள். அதேபோல், 1971 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவில் வாசித்து வானொலியில் ஒலிபரப்பானது பல ஆண்டுகள் கள்ளத்தட்டாக மட்டுமே உலவியது. 2016இல் அதுவும் முறையாக வந்துவிட்டது. முறையாக வந்ததைக் காசு கொடுத்து வாங்குவது கலைஞருக்குச் செய்யும் மரியாதை. மூல டேப்பிலிருந்து எடுத்ததால் ஒலியும் மேல்.

இனி உண்மையான தேடல். குழுவையும் ஆண்டையும் எடுத்துக்கொண்டு பயண அட்டவணையைக் கட்டுங்கள். கச்சேரிகளில் வாசித்த பாட்டுகளைப் பட்டியலிடும் செட்லிஸ்ட்.எஃப்எம் தளம் ஒரு தொடக்கம். அது ரசிகர்கள் நிரப்பியது என்பதால் 1970களுக்கு ஓட்டைகள் நிறைய. ரசிகர்கள் பகிரும் கச்சேரிப் பதிவுகளைப் பட்டியலிடும் ஈட்ரீ தரவுத்தளத்தில் ஒரு நாளின் கச்சேரிக்கு எத்தனை வேறு வேறு ஒலிமூலங்கள் உண்டு என்பது தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். எந்தப் பதிப்பு நம்மிடம் இருக்கிறது, எது இல்லை என்று அங்கேதான் தெரியும். இசைத்தட்டுகளின் இணையப் பட்டியலான டிஸ்காக்ஸில் ‘அதிகாரபூர்வமற்றது’ என்று குறித்த தட்டுகளின் பின்னட்டைப் படங்களைப் பெரிதாக்கிப் படியுங்கள். ஊரும் தேதியும் அங்கே ஒளிந்திருக்கும். அச்சிட்ட தேதி தவறாக இருப்பதும் சகஜம். அதைச் சரிபார்க்க, எண்ணிமமாக்கப்பட்ட கல்லூரி மாணவர் இதழ்கள் மிக நல்ல சாட்சி. அந்தக் காலத்துக் கச்சேரிகளில் பெரும்பகுதி கல்லூரி அரங்குகளில்தான் நடந்தன. விளம்பரமும் மறுவார விமர்சனமும் அந்த இதழ்களில் அச்சாகியிருக்கும்.

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தின் கச்சேரிப் பிரிவான லைவ் மியூசிக் ஆர்கைவ் 2002 முதல் இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே ஒலிப்பதிவை அனுமதித்த கலைஞர்களின் கச்சேரிகளே ஏறும். 1975இல் இறந்துபோன வாக்கரை அங்கே தேடிப் பயனில்லை. ரசிகர்களைப் பதிவு செய்ய விடும் இன்றைய குழுக்கள் இந்தப் பாட்டை வாசித்ததைத் தேட அதைவிட நல்ல இடம் கிடையாது. வாக்கரைத் தேடுபவர் ஐரோப்பாப் பக்கம் திரும்ப வேண்டும். ஹார்ஸ்ட் லிப்மனும் ஃபிரிட்ஸ் ராவும் 1962இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவலில் முதல் பயணத்திலேயே அவர் இருந்தார். ஜெர்மன் தொலைக்காட்சி அந்தக் கலைஞர்களைப் படம்பிடித்தது. அமெரிக்காவில் 1969 ஆன் ஆர்பர் ப்ளூஸ் விழாவிலும் வாசித்தார். சின்ன டேப் ரெக்கார்டரில் பிடித்த அந்த விழா ஒலி ஐம்பது ஆண்டு கழித்து 2019இல் தட்டாக வந்தது. வானொலி, தொலைக்காட்சி நிலையக் காப்பகங்களில் இன்னும் எவ்வளவோ கிடக்கக்கூடும் என்ற நம்பிக்கையை இப்படிப்பட்ட வெளியீடுகள்தான் தருகின்றன.

ஒரு கோப்பு கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது அதன் வம்சாவளி. எந்த மைக், எந்த ரெக்கார்டர், எத்தனையாவது நகல், எதன் வழியே கணினிக்கு ஏறியது என்ற வரி அது. சவுண்ட்போர்டு (அரங்கின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்தது), பார்வையாளர் மைக், எஃப்எம் ஒலிபரப்பு, சவுண்ட்போர்டையும் மைக்கையும் கலந்த மேட்ரிக்ஸ் என்று நான்கு வகை. சவுண்ட்போர்டுதான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பாட்டுக்கு அது எப்போதும் உண்மையல்ல. சிறிய அரங்கில் கிட்டார் ஆம்ப் தானே போதிய சத்தம் தருவதால் அதை ஒலிபெருக்கிக்குள் அதிகம் அனுப்பமாட்டார்கள். விளைவு, சவுண்ட்போர்டு டேப்பில் குரல் முன்னால் நிற்கும், கிட்டார் எங்கோ தொலைவில் கேட்கும். முன்வரிசையில் நல்ல மைக் வைத்துப் பிடித்தது அங்கே பல மடங்கு மேல்.

வம்சாவளியில் பொய் இருக்கிறதா என்று பார்க்க ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) போதும். ஸ்பெக் அல்லது ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்ததை ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்) ஆக மாற்றியிருந்தால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல ஒலி நின்றுவிடும். அதற்குக் கீழேயும் சதுரம் சதுரமாக ஓட்டைகள் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: எஃப்எம் ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுவது. அதைப் பார்த்து நல்ல எஃப்எம் டேப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எஃப்எம் கேசட்டில் 15க்கு மேலே டேப்பின் இரைச்சல் மெலிதாகத் தொடரும். எம்பி3இல் அங்கே ஒன்றுமே இருக்காது. தொலைக்காட்சி மூலம் என்றால் ஒரு நேர்கோடு கிடைக்கும்: அமெரிக்க, கனடிய முறையில் 15,734 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் 15,625. ஜெர்மன் ஒளிபரப்பு என்று சொல்லிவிட்டு 15,734இல் கோடு தெரிந்தால், அது நடுவில் ஓர் அமெரிக்க வீடியோ நகல் வழியாக வந்திருக்கிறது.

வேகம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அதிலும் மின்கலத்தில் ஓடிய ரெக்கார்டர் என்றால் கேட்கவே வேண்டாம். வாக்கரும் ஆல்மன் பிரதர்ஸும் இதை ஜி சுருதியில் வாசித்தார்கள். டேப்பில் ஜிக்கும் ஏ ஃபிளாட்டுக்கும் நடுவில் நின்றால் வேகம் பிசகியிருக்கிறது. ஆனால் முழு அரைச்சுருதி வித்தியாசம் என்றால் அவசரப்படாதீர்கள். குழுவே சுருதியை மாற்றியிருக்கலாம். இதற்கு நம்பகமான அளவுகோல் மின்சார ஹம், அதாவது மின் இணைப்பிலிருந்து டேப்பில் ஏறும் ரீங்காரம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. ஆடாசிட்டியில் பாட்டு ஆரம்பிக்கும் முன்னுள்ள அமைதியைத் தேர்ந்தெடுத்து, ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ (Plot Spectrum) கட்டளையில் அளவை 65536 என்று வையுங்கள். 60ஐவிட அதன் மும்மடங்கான 180 ஹெர்ட்ஸ் முனையைப் பார்த்தால் துல்லியம் கூடும். அது 185.4இல் இருந்தால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேக மாற்றத்தில் -2.913 கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடவே கூடாது, தாளம் பழைய தவறிலேயே நின்றுவிடும். அமெரிக்கக் கச்சேரியில் 50 ஹெர்ட்ஸ் ஹம் தெரிந்தால் அது ஐரோப்பாவில் நகலெடுத்தபோது ஏறியது. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒன்றரை அரைச்சுருதி அளவுக்குக் கீழே இறங்கிக் கேட்டால், 48 கிலோஹெர்ட்ஸ் டாட் (டிஜிட்டல் ஒலி) டேப்பை யாரோ 44.1 என்று நினைத்து ஏற்றியிருக்கிறார்கள்.

ஒரே கச்சேரி இரண்டு தேதிகளில் உலவுவது இந்த உலகின் நிரந்தரத் தொல்லை. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பாட்டுக்கு முந்தைய பேச்சைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். வாசிப்பு ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது. அதே இடத்தில் அதே இருமல், அதே கத்தல், அதே டேப் அறுபடல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆள் விவரமும் உதவும்: ஆல்மன் பிரதர்ஸ் கிட்டார்காரர் டுவேன் ஆல்மன் 1971 அக்டோபர் 29 அன்று இறந்தார். அதற்குப் பின் 1972 வரையிலான தேதி போட்ட டேப்பில் இரண்டு கிட்டார் பேசிக்கொள்வது கேட்டால் பெரும்பாலும் தேதி தவறு. 1972இல் அந்தக் குழு ஒரே கிட்டாரோடுதான் ஓடியது.

பாட்டு பாதியில் அறுந்திருந்தால் காரணம் பெரும்பாலும் கேசட்டின் நீளம். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பத்து நிமிடப் பாட்டு ஒன்று கச்சேரியின் முக்கால் மணி நேரத்தில் வந்தால் டேப் திருப்பும்போது மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு வேறொருவர் வேறு நேரத்தில் டேப் திருப்பியிருப்பார். அவருடைய பதிவைத் தேடினால் விட்ட பகுதி கிடைக்கும். ஒட்டும் முன் இரண்டையும் ஹம் வைத்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவராவிட்டால், ஒட்டிய இடத்தில் சுருதி குதிக்கும்.

யாராவது மூல டேப்பையே தர முன்வந்தால், நல்ல டெக்கில் முதலில் அஸிமத்தை, அதாவது டேப்பின் மேல் ஹெட் நிற்கும் கோணத்தை, திருத்துங்கள்: மோனோவாக்கிக் கேட்டபடி ஹெட் திருகை மெல்லத் திருப்பி, உயர் ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். டால்பி பி (இரைச்சல் குறைக்கும் முறை) போட்டுப் பதிவு செய்ததை டால்பி இல்லாமல் ஓட்டினால் கூச்சல், இல்லாததைப் போட்டு ஓட்டினால் மந்தம். உறுதியில்லை என்றால் இல்லாமலேயே ஏற்றுங்கள், பிறகு சரிசெய்யலாம். ரீல் டேப் கீச்சிட்டு ஹெட்டில் பிசினாக ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். 1970களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்களுக்கு உள்ள நோய் அது. சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்தினால் ஒரு முறை ஓட்டும் அளவுக்குத் தேறும். அசிடேட் டேப்பை மட்டும் ஒருபோதும் சூடாக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் ரீலின் சுற்றுகள் வழியே ஒளி ஊடுருவும், அதுதான் அசிடேட்.

ஏற்றியதை 24 பிட்டில் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒரு ஃபிளாக் ஆக வையுங்கள். வேகம் திருத்தியது வேறு கோப்பு. சிடிக்காகப் பாட்டுகளைத் துண்டாக்கும்போது ஒவ்வொரு துண்டும் 588 மாதிரிகளின் (சாம்பிள்களின்) மடங்காக இருக்கட்டும், இல்லையேல் பாட்டுகளின் இடையில் சொடுக்கு விழும். ஃபிளாக் விரலடையாளத்தை (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை) உரைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். கோப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிடும் எம்டி5 எண், பாட்டுப் பெயர் போன்ற டேக்கை மாற்றியதுமே மாறிவிடும், விரலடையாளம் ஒலியை மட்டும் பார்ப்பதால் மாறாது. அதே உரைக் கோப்பில் எந்த ஹம் முனையை வைத்து எத்தனை சதவீதம் திருத்தினீர்கள், எந்த நிமிடத்தில் எந்த மூலத்திலிருந்து ஒட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இதைவிட நல்ல மூலம் நாளை கிடைப்பவர் அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.