எலும்பு கூடும் முன் சமரசமா?

சாலை விபத்தில் மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் "நஷ்டஈடாக இவ்வளவு தருகிறோம், முடித்துக்கொள்ளலாம்" என்று இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து பேச்சு வரும். வீட்டில் கடன் நெருக்கும்போது அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். சரி என்று சொல்லும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்ப்பவர், வயது 34, மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது. சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்குவது ஒரு முறை. 5,000 என்று எடுத்தால் 1,50,000 ரூபாய் வரும்.

ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் மல்டிப்ளையர் முறையில் கதையே வேறு. 40 வயதுக்கு உட்பட்ட, நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காய வழக்குக்கும் அது உண்டு என்று 2020ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாகிவிட்டது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. சர்லா வர்மா தீர்ப்பின்படி (2009) 31 முதல் 35 வயது வரை மல்டிப்ளையர் 16. பெருக்கினால் 40,32,000. இதில் 30 சதவீதம் 12,09,600 ரூபாய். கொலுசு வேலைக்கு விரல்தான் மூலதனம். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால் 16,12,800.

டாக்டர் தரும் சதவீதமும் வருமான இழப்புச் சதவீதமும் ஒன்றல்ல என்று 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. ஒரே ஊனம் கிளார்க்குக்கு ஒரு கணக்கு, டிரைவருக்கு வேறு கணக்கு. எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, இனி இதற்கு மேல் தேறாது என்ற கட்டம் வந்தால்தான் இந்த ஊனத்தை உருப்படியாக அளக்க முடியும். மூன்றாம் மாதத்தில் முடித்துக்கொள்பவர் அளக்காத நிலத்தை விற்பவர் மாதிரிதான்.

அதற்காக மனு போடாமல் காத்திருக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. மனுவைச் சீக்கிரம் போடுங்கள், பேரத்தை மெதுவாகப் பேசுங்கள். விபத்து நடந்த ஊர், காயம்பட்டவர் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், மூன்றில் எங்கு வேண்டுமானாலும் எம்.சி.ஓ.பி. (விபத்து நஷ்டஈட்டு மனு) போடலாம்.

வருமானத்துக்குச் சான்று பட்டறை ஆட்களிடம் பெரும்பாலும் இருக்காது. வாரக்கூலி ஜிபேயில் வந்திருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்கள். முதலாளி சாட்சி சொல்ல வருவாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் எழுதிக்கொடுக்கும் வெறும் லெட்டர் குறுக்கு விசாரணையில் நிற்காது. ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் தொழிலாளிக்குச் சம்பளப் பதிவேடும் பி.எஃப். கணக்கும் இருந்தால் அதுவே போதும்.

வழக்கைக் கெடுக்கும் முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார், டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். பிறகு எஃப்.ஐ.ஆரில் கார் மோதியது என்று வந்தால், இன்சூரன்ஸ் வக்கீல் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அதுதான். மோதிய வண்டி எது என்று அங்கேயே சொல்லி எழுதச் செய்யுங்கள். வார்டில் வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஏற்காடு மலைப்பாதை விபத்தில் இன்னொரு தலைவலி, தப்பு யார் மேல் என்பது. கொண்டை ஊசி வளைவில் இரண்டு பக்கமும் "நான் என் சைடில்தான் வந்தேன்" என்பார்கள். குறுகலான சரிவில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் வளைவு எண் பலகை தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். போலீஸ் போடும் ரஃப் ஸ்கெட்சில் மோதிய இடம் சரியாகக் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பக்கம் 25 சதவீதத் தப்பு என்று முடிவானால் மொத்தத் தொகையிலும் அதே 25 சதவீதம் கழியும்.

பிக்கப் வண்டியில் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது: சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு கேபினில் உட்கார்ந்து வந்தால்தான் அந்த வண்டி இன்சூரன்ஸில் இடம் உண்டு. லிஃப்ட் கேட்டு ஏறியவருக்கு இல்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தவருக்கும் அந்த பைக்கின் ஆக்ட் ஒன்லி பாலிசி (சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மட்டும் எடுத்தது) உதவாது. எதிரே வந்த வண்டி மேல் கேட்கலாம்.

ஊனச் சான்று கைக்கு வந்தபின் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து பிளேட்டை எடுக்க ஆபரேஷன் என்றாலும் திரும்பப் போய்க் கேட்க முடியாது. அந்தச் செலவுக்கு டாக்டரிடம் எஸ்டிமேட் வாங்கி முன்பே தொகையில் சேருங்கள். பேசும் தொகை வட்டியும் செலவும் சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். எத்தனை நாளில் கட்டுவார்கள், தவறினால் எத்தனை சதவீத வட்டி என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மெடிக்கல் பில் ஒரிஜினலை ஹெல்த் இன்சூரன்ஸுக்குக் கொடுக்க நேர்ந்தால் ஆஸ்பத்திரி முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பாஸ்புக், மனு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோர்ட்டிலிருந்து பணத்தை எடுக்கப் போடும் செக் பெட்டிஷன் கிடப்பில் கிடக்கும்.