ஈடு வைக்க ஒரு வீடு

நேற்று இலங்கை மலையகத்து அட்டன் டவுனில இருந்து பஸ்ஸில வரும்போது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தையல் மெஷின் வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் உடுப்புத் தைக்க வேண்டும் என்று கடன் கேட்டுப் போனோம். "ஈடு வைக்கக் காணி உறுதிப் பத்திரம் இருக்கா?" என்றார்கள் கடன் கொடுக்கிறவர்கள். நாலு தலைமுறையாக இருக்கிற லயக் காம்பராவுக்கு, தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறைக்கு, எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ராத்திரி முழுக்க கைக்கோராதான் ஞாபகம். நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு கடற்கரை ஊர். அங்கே வேலையில்லாமல் தவித்த, அந்நாட்டு ஆதிக்குடிகளான மாவோரி மக்கள், திமிங்கிலம் காட்டப் படகு விடலாம் என்று 1987இல் தொடங்கினார்கள். முதல் கடனுக்குத் தங்கள் வீடுகளையே ஈடு வைத்தார்கள்! இன்று உலகமே அந்த ஊருக்குப் போகிறது. அவர்களின் பெருங்குலமான ஙாய் தாஹுவிடம் பழைய காணி அநியாயங்களுக்காக 1998இல் அரசு மன்னிப்புக் கேட்டு, 170 மில்லியன் நியூசிலாந்து டொலரும் கொடுத்தது. அதை முதலாகப் போட்டுப் பண்ணை, மீன்பிடி, சுற்றுலா என்று வளர்த்தார்கள்.

நாங்கள் ஆதிக்குடிகள் இல்லை. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள். 1948இல் பிரஜாவுரிமையையும் இழந்தவர்கள். ஆனாலும், அவர்களுக்கு ஈடு வைக்க ஒரு வீடாவது இருந்ததே, அந்த இடத்தில்தான் என் மனசு நிற்கிறது. எங்கள் சனத்துக்குத் திறமை குறைவில்லை. வீடும் காணியும் சொந்தப் பேரில், உறுதியோடு வேண்டும்.

அக்கா இன்று விடிய எழும்பி, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கவுனைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள்.