பெர்ஃபியூஷன் மேப்பைப் பார்க்கும் முன் அந்த இரண்டு வட்டங்களைப் பாருங்கள்

ஸ்ட்ரோக் நோயாளியின் மூளையில் ரத்தம் பாயும் விதத்தைக் காட்டும் சி.டி. பெர்ஃபியூஷன் மேப் திரைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் கோர் (இறந்துவிட்ட திசு) எத்தனை மி.லி., பெனம்ப்ரா (ரத்தம் குறைந்தும் இன்னும் காப்பாற்றத்தக்க திசு) எத்தனை மி.லி. என்றுதான் தேடும். அந்த எண்கள் இரண்டு சின்ன வட்டங்களிலிருந்து வருகின்றன. ஒன்று தமனியின் மேல் வைப்பது, ஏ.ஐ.எஃப்.; மூளைக்குள் வரும் காண்ட்ராஸ்டை அளக்கும். இன்னொன்று சிரையின் மேல் வைப்பது, வி.ஓ.எஃப்.; வெளியேறும் காண்ட்ராஸ்டை அளக்கும். இன்று பெரும்பாலும் சாஃப்ட்வேரே இவற்றை வைத்துவிடுகிறது. சரியான இடத்தில்தான் வைத்ததா என்று பார்க்கும் வேலை மட்டும் நம்முடையது.

மூளையின் ஒவ்வொரு புள்ளியிலும் காண்ட்ராஸ்ட் (ஊசியில் செலுத்தும் சாயமருந்து) ஏறி இறங்கும் கர்வை, தமனியின் கர்வோடு வைத்துக் கணக்கிடுவதுதான் டீகன்வல்யூஷன். திசு கர்வின் பரப்பைத் தமனி கர்வின் பரப்பால் வகுத்தால் சி.பி.வி., அதாவது திசுவில் உள்ள ரத்தத்தின் அளவு, கிடைக்கும். திசுவுக்கு ரத்தம் பாயும் வேகமான சி.பி.எஃப்.-உம் அதே தமனி கர்வை நம்பியே நிற்கிறது. எனவே தமனியைத் தவறாக அளந்தால் அந்தத் தவறு மூளை முழுக்கப் பரவும்.

தவறு இரண்டு வகை. முதலாவது அளவுப் பிழை. வழக்கமாக ஏ.ஐ.எஃப். வைக்கும் ஏ2 தமனியின் (மூளையின் முன்தமனியான ஏ.சி.ஏ.-வின் ஒரு பகுதி) விட்டம் சுமார் 2 மி.மீ.தான். வட்டம் கொஞ்சம் பெரிதானாலும் பக்கத்துத் திசுவோ மூளைத் தண்ணீரோ உள்ளே வந்து உச்சத்தைக் குறைத்துவிடும். உண்மைப் பரப்பில் 60 சதவீதம்தான் பதிவானது, வேறு திருத்தமும் இல்லை என்று வையுங்கள். சி.பி.எஃப். 30 இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று காட்டும். சி.பி.வி. 1.5 இருக்க வேண்டிய இடத்தில் 2.5. சி.பி.வி. 2.0-க்குக் கீழே இருந்தால் கோர் என்ற பழைய அளவுகோலை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோரே காணாமல் போகும். எம்.டி.டி. (ரத்தம் திசுவைக் கடக்கும் சராசரி நேரம்) மட்டும் தப்பிக்கும், சி.பி.வி.-யை சி.பி.எஃப்.-ஆல் வகுக்கும்போது பிழை அடிபட்டுப்போகும். எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டு சி.பி.எஃப். 30 சதவீதத்துக்குக் கீழ் என்று கோரை எடுக்கும் முறையும் இதே காரணத்தால் பெரிதாகப் பாதிக்கப்படாது.

இந்தப் பிழையைச் சரிசெய்யத்தான் வி.ஓ.எஃப். இருக்கிறது. மண்டையின் நடுக்கோட்டில் ஓடும் பெரிய சிரையான சுப்பீரியர் சஜிட்டல் சைனஸ் அகலமானது. அதன் நடுவில் வைத்தால் சுத்தமான ரத்தத்தின் கர்வ் கிடைக்கும். அதன் பரப்புக்கு ஈடாகத் தமனி கர்வை உயர்த்திக்கொள்கிறது சாஃப்ட்வேர். பின்மண்டையில் சைனஸ்கள் கூடும் டார்க்குலாவுக்குச் சற்று மேலே, சைனஸ் ஸ்லைஸுக்குக் குறுக்கே வெட்டுப்படும் இடம் தோதானது. விண்டோவை அகலமாக்கிப் பார்த்து, மண்டையோட்டு எலும்பு வட்டத்துக்குள் வராமல் வையுங்கள். ஓரத்தில் வைத்து வி.ஓ.எஃப். 20 சதவீதம் குறைந்தால் சி.பி.வி., சி.பி.எஃப். இரண்டும் 25 சதவீதம் கூடும்.

இரண்டாவது நேரப் பிழை. எனக்கு இதுதான் அதிகம் பயம். ஏனென்றால் வி.ஓ.எஃப். இதைத் திருத்தாது, எதிர்ப்பக்க ஒப்பீடும் காப்பாற்றாது. அடைப்பு இருக்கும் பக்கத்தில், அடைப்பைத் தாண்டிய கிளையில் ஏ.ஐ.எஃப். விழுந்துவிட்டது என்று வைப்போம். அங்கே ரத்தம் கொலாட்டரல் எனும் மாற்றுக்குழாய்கள் வழியாக 3 வினாடி தாமதமாக வருகிறது. திசுவின் டி-மேக்ஸ் (தமனியை ஒப்பிட்டு காண்ட்ராஸ்ட் வந்துசேரும் தாமதம்) 7 வினாடி இருக்க வேண்டியது 4 ஆகிவிடும். பெனம்ப்ராவுக்கான 6 வினாடி அளவுகோலைத் தொடாததால் பெனம்ப்ரா சுருங்கும். அந்தக் கர்வ் அகன்று, தட்டையாகவும் இருக்கும். அதைக் கொண்டு கணக்கிட்டால் எம்.டி.டி. குறைந்து சி.பி.எஃப். கூடிக் காட்டும். 2018-இல் வந்த டிஃபியூஸ் 3 ஆய்வில் 6 முதல் 16 மணி நேரத்துக்குள் வரும் நோயாளிகளைச் சேர்த்த கணக்கு இதுதான்: கோர் 70 மி.லி.-க்குக் கீழே, டி-மேக்ஸ் 6 வினாடியைத் தாண்டிய திசுவுக்கும் கோருக்கும் உள்ள விகிதம் 1.8-க்குக் குறையாமல், காப்பாற்றத்தக்க திசு குறைந்தது 15 மி.லி. பெனம்ப்ரா சுருங்கினால் விகிதமும் சுருங்கும். த்ராம்பெக்டமி (குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை) கிடைத்திருக்க வேண்டியவர் பட்டியலில் இல்லாமல் போவார்.

அதனால்தான் ஏ.சி.ஏ.-வின் ஏ2 பகுதியைத் தேடுகிறோம். அது மேல்நோக்கி ஓடுவதால் ஆக்ஸியல் ஸ்லைஸில் வட்டமாக வெட்டுப்படும். மூளையின் நடுத்தமனியின் முதல் பகுதியான எம்1 படுக்கையாக ஓடுகிறது, 5 மி.மீ. ஸ்லைஸில் சுமார் 3 மி.மீ. குழாய் பாதி உள்ளே பாதி வெளியே என்று நிற்கும். அடைப்பு வழக்கமாக வருவதும் அங்கேதான். ஸ்கேன் பரப்பு கீழே வரை போனால் மூளைத்தண்டின் முன்னே ஓடும் பேசிலர் தமனியும் நல்ல தேர்வு. கழுத்திலிருந்து ஏறும் கரோடிட் தமனியை மண்டையோட்டின் அடித்தளத்தில் எடுக்க வேண்டாம், எலும்பின் பீம் ஹார்டனிங் (எலும்பு எக்ஸ்-ரேயைச் சிதைப்பது) கர்வைக் கெடுக்கும்.

கரோடிட்டில் கடும் சுருக்கம் உள்ளவருக்கு எந்தக் குழாயை எடுத்தாலும் சிக்கல்தான். நல்ல பக்கத்து ஏ.ஐ.எஃப். வைத்தால் சுருக்கமுள்ள பக்கம் முழுக்க டி-மேக்ஸ் நீண்டு, பெரிய பெனம்ப்ரா போல ஒளிரும். தாமதத்தைக் கணக்கில் எடுக்காத பழைய அல்காரிதம் என்றால் சி.பி.எஃப்.-ஐயும் தாழ்த்திக் காட்டும். கழுத்து ஆஞ்சியோவைப் பார்க்காமல் அந்த மேப்பைப் படிக்கக் கூடாது.

கர்வைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தொடக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் தட்டையாக இருக்க வேண்டும். பிறகு ஏ.ஐ.எஃப். செங்குத்தாக ஏறிக் குறுகலாக இறங்கும். சில வினாடிகள் கழித்து வி.ஓ.எஃப். அதைவிட உயரமாக வரும். ஏ.ஐ.எஃப். உயரமாக இருந்தால் வி.ஓ.எஃப். வட்டம் சைனஸைத் தவறவிட்டிருக்கும். ரம்பம் போலிருந்தால் நோயாளி அசைந்திருக்கிறார். மோஷன் கரெக்‌ஷன் போட்டு, அதற்கும் மசியாவிட்டால் அந்த ஃப்ரேம்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

வி.ஓ.எஃப். கீழே இறங்கும் முன்பே ஸ்கேன் நின்றிருப்பது இன்னொரு வகை. இதயத்தின் பம்பிங் பலவீனமானவர்களிடமும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடமும் காண்ட்ராஸ்ட் மெதுவாக நகர்வதால் 45 வினாடி போதாது, 60–70 தேவை. அறுந்த வி.ஓ.எஃப். பரப்பு குறைவாக இருப்பதால் சி.பி.வி. பொதுவாகக் கூடும். தாமதமாக நிரம்பும் திசுவின் கர்வும் அறுந்தால் அந்த இடத்தில் மட்டும் சி.பி.வி. குறைந்து, உயிரோடிருக்கும் திசு கோராகத் தெரியும். இதற்கு வட்டத்தை நகர்த்திப் பயனில்லை. ரிப்போர்ட்டில் கர்வ் முழுமையாக இல்லை என்று எழுதி, கோர் அளவை ப்ளெயின் சி.டி.-யின் ஆஸ்பெக்ட்ஸோடு (ஸ்ட்ரோக் மாற்றங்களுக்குத் தரும் மதிப்பெண்) ஒத்துப்பாருங்கள்.

முடிந்தவரை வலது கை முழங்கை மடிப்பில் 18 கேஜ் கேனுலா போட்டு, 40–50 மி.லி. காண்ட்ராஸ்டை வினாடிக்கு 5 மி.லி. வேகத்தில் செலுத்தி, உடனே சலைன் தள்ளுங்கள். இடது கையில் போட்டால் சிலருக்கு மார்பிலுள்ள இன்னாமினேட் வெயின் நசுங்கி காண்ட்ராஸ்ட் கழுத்துச் சிரைக்குள் திரும்பி ஏறும். ஒரே வீச்சாகப் போக வேண்டிய காண்ட்ராஸ்ட் (போலஸ்) சிதறி, எந்தத் தமனியைத் தேர்ந்தெடுத்தாலும் ஏ.ஐ.எஃப். அகன்றே வரும்.